மருந்து போய்ச் சேரும் உடல்: கெர்ட்ரூட் எலியனும் குதிரை ஹெர்பீஸும்



ஒரு விஞ்ஞானியின் வாழ்நாள் பணியை எடுத்துக்கொண்டு பேசுங்கள் என்று இந்த அறக்கட்டளைச் சொற்பொழிவின் அமைப்பாளர்கள் கேட்டுக்கொண்டார்கள். அரங்கில் மருத்துவ மாணவர்களும் இருப்பார்கள், கால்நடை மருத்துவ மாணவர்களும் இருப்பார்கள் என்றார்கள். இரு தரப்புக்கும் பொதுவான ஒருவரை யோசித்தபோது கெர்ட்ரூட் எலியன் நினைவுக்கு வந்தார். அவர் குதிரை மருத்துவர் அல்லர். குதிரைக்கென்று ஒரு மருந்தும் செய்தவர் அல்லர். ஆனாலும் ஹெர்பீஸ் வைரஸ் தாக்கிப் பின்னங்கால் தள்ளாடும் குதிரைக்கு இன்று கால்நடை மருத்துவர் எடுத்துக் கொடுக்கும் மாத்திரை, எலியன் தலைமை தாங்கிய ஆய்விலிருந்து பிறந்தது. அந்த மாத்திரை மனிதரிடமிருந்து குதிரைக்குப் போன வழி நேரானது அன்று. அதைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன்.

என் வாதத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மருந்து காண்பவர் இரண்டு கேள்விகளுக்கு விடை சொல்லியாக வேண்டும். நோய்க்கிருமியிடம் இருந்து நோயாளியிடம் இல்லாதது எது என்பது முதல் கேள்வி. கொடுத்த மருந்து உடலுக்குள் போய் என்ன ஆகிறது என்பது இரண்டாவது. பாடப்புத்தகங்கள் முதல் கேள்வியைக் கொண்டாடும். இரண்டாவதை ஓர் அட்டவணையில் அடக்கிவிடும். எலியனின் பெரிய வெற்றிகள் பலவும் இரண்டாவது கேள்வியை விடாப்பிடியாகக் கேட்டதால் வந்தவை. குதிரை ஹெர்பீஸ் விஷயத்தில் மருத்துவம் தடுமாறியதும் அந்தக் கேள்வியைக் கேட்காமல் விட்ட இடத்தில்தான்.

வேலை தேடிய வேதியியலாளர்

எலியன் 1918 ஜனவரி 23-இல் நியூயார்க்கில் பிறந்தார். தந்தை பல் மருத்துவர், லித்துவேனியாவிலிருந்து குடியேறியவர். எலியனுக்குப் பதினைந்து வயதானபோது, அவர் உயிராய் நேசித்த தாத்தா வயிற்றுப் புற்றுநோயால் இறந்தார். புற்றுநோய்க்கு ஏதாவது செய்ய வேண்டும் என்ற எண்ணத்தோடு வேதியியலைத் தேர்ந்தெடுத்தார். 1929-இன் பங்குச்சந்தைச் சரிவில் குடும்பம் பணத்தை இழந்திருந்தது. கட்டணமில்லாத ஹன்டர் கல்லூரி இருந்ததால்தான் படிக்க முடிந்தது. 1937-இல் மிக உயர்ந்த தகுதியோடு பட்டம் பெற்றார்.

பட்டம் வேலை தரவில்லை. பொருளாதார மந்தக் காலம். அதோடு, ஆய்வகத்தில் பெண்ணை வைத்துக்கொள்ள யாரும் தயாராக இல்லை. நீங்கள் இருந்தால் மற்றவர்களின் கவனம் சிதறும் என்று ஒரு நேர்காணலில் நேரடியாகவே சொன்னார்கள். செவிலியர் பள்ளியில் சில மாதம் பாடம் எடுத்தார். ஓர் ஆய்வகத்தில் சம்பளம் இல்லாமல் சேர்ந்தார். உயர்நிலைப் பள்ளியில் ஆசிரியராக இருந்துகொண்டே நியூயார்க் பல்கலைக்கழகத்தில் படித்து 1941-இல் முதுகலைப் பட்டம் வாங்கினார். அந்த ஆண்டுதான் அவர் மணக்கவிருந்த லெனர்ட் கேன்டர் இதய உள்ளுறை அழற்சியால் இறந்தார். அது பாக்டீரியா தொற்று. சில ஆண்டுகள் கழித்துப் பரவலாகக் கிடைத்த பென்சிலின் அன்று இருந்திருந்தால் அவர் பிழைத்திருக்கலாம். எலியன் கடைசி வரை திருமணம் செய்துகொள்ளவில்லை.

உலகப் போர் ஆண்களைப் போர்முனைக்கு அழைத்துப் போனபோது ஆய்வகக் கதவுகள் பெண்களுக்குத் திறந்தன. எலியனுக்குக் கிடைத்த முதல் தொழில்துறை வேலை ஏ அண்ட் பி என்ற மளிகைக் கடைத்தொடரின் தரப் பரிசோதனைக் கூடத்தில். ஊறுகாயின் புளிப்பு சரியாக இருக்கிறதா, மயோனைஸில் சேரும் முட்டை மஞ்சள் கருவின் நிறம் சரியாக இருக்கிறதா என்று பார்ப்பது வேலை. கற்க வேண்டியதைக் கற்று முடித்ததும் அங்கிருந்து கிளம்பிவிட்டார். 1944-இல் நியூயார்க்கை அடுத்த டக்காஹோவில் பரோஸ் வெல்கம் நிறுவனத்தின் ஆய்வகத்தில், ஜார்ஜ் ஹிட்சிங்ஸிடம் உதவியாளராகச் சேர்ந்தார்.

மாலை வேளையில் ப்ரூக்ளின் பாலிடெக்னிக்கில் முனைவர் பட்டத்துக்கும் படித்துவந்தார். முழுநேர மாணவராக வராவிட்டால் தொடர முடியாது என்று ஒரு கட்டத்தில் சொல்லிவிட்டார்கள். வேலையை விட அவர் சம்மதிக்கவில்லை, பட்டத்தை விட்டார். 1988-இல் ஹிட்சிங்ஸோடும் ஜேம்ஸ் பிளாக்கோடும் மருத்துவத்துக்கான நோபல் பரிசைப் பெற்றபோது, அவர் முறையாகப் படித்து வாங்கிய முனைவர் பட்டம் எதுவும் அவரிடம் இல்லை.

கேட்டுக்கொண்டே இருந்த கேள்வி

ஹிட்சிங்ஸின் அடிப்படைக் கருத்து எளிமையானது. எந்த உயிரணு பெருக வேண்டுமானாலும் அதற்கு நியூக்ளிக் அமிலம் வேண்டும். நியூக்ளிக் அமிலத்தின் மூலப்பொருள்களைப் போலவே தோற்றமளிக்கும் போலிகளைச் செய்து கொடுத்தால், வேகமாகப் பெருகும் உயிரணு அவற்றை எடுத்துக்கொண்டு முடங்கிப்போகும். டி.என்.ஏ.வின் இரட்டைச் சுருள் வடிவம் தெரியவருவதற்கு ஒன்பது ஆண்டுகளுக்கு முன்பே அந்த ஆய்வகத்தில் இந்த வேலை நடந்துகொண்டிருந்தது. அந்த மூலப்பொருள்களில் எலியனுக்கு ஒதுக்கப்பட்ட பகுதி பியூரின்கள்.

அவர் கையிலிருந்து 6-மெர்காப்டோபியூரின் வந்தது. குழந்தைகளுக்கு வரும் தீவிர ரத்தப் புற்றுநோய் அன்று சில மாதங்களில் உயிரைக் குடித்துவிடும். அந்த மருந்தால் நோய் தற்காலிகமாகத் தணிந்தது. 1953-இல் அமெரிக்க அரசு அதற்கு அனுமதி அளித்தது. வேறு மருந்துகளோடு சேர்த்து அது இன்றும் தரப்படுகிறது.

இந்த இடத்தில் வேறொருவராக இருந்தால் அடுத்த மூலக்கூறுக்குப் போயிருப்பார். எலியன், கொடுத்த மருந்து உடலில் எங்கே போகிறது என்று தேடத் தொடங்கினார். உடலில் உள்ள சாந்தைன் ஆக்சிடேஸ் என்ற நொதி அதன் பெரும்பகுதியைச் சிதைத்துவிடுவது தெரிந்தது. அந்த நொதியை முடக்கினால் மருந்து நீண்ட நேரம் நிற்கும் அல்லவா? அதற்காக எடுத்த பொருள் அலோபியூரினால். ரத்தப் புற்றுநோயில் எதிர்பார்த்த நன்மை வரவில்லை. மருந்தின் வலிமை கூடிய அளவுக்கு அதன் நச்சுத்தன்மையும் கூடியது. ஆனால் அதே நொதிதான் உடலில் யூரிக் அமிலத்தையும் உண்டாக்குகிறது. நொதி முடங்கியதும் யூரிக் அமிலம் இறங்கியது. கீல்வாதத்தில் கௌட் என்ற வகைக்கு 1966-இல் மருந்து கிடைத்தது. இன்று நம் ஊர் மருந்துக் கடையில் கௌட் நோயாளி கேட்டு வாங்கும் மாத்திரை, புற்றுநோய் மருந்து ஒன்று உடலுக்குள் என்ன ஆகிறது என்று கேட்டதன் விளைவு.

6-மெர்காப்டோபியூரின் உடலில் சற்றுத் தாமதமாக வெளிப்படும்படி செய்யப்பட்ட இன்னொரு வடிவம் அசாதயோபிரின். அது நோயெதிர்ப்பை அடக்கியது. அதன் துணையோடு 1962-இல் பாஸ்டனில் ஜோசப் மர்ரே, உறவினர் அல்லாதவரின் சிறுநீரகத்தைப் பொருத்தி வெற்றி கண்டார். உறுப்பு மாற்று சிகிச்சை வழக்கமான மருத்துவமாக மாறியதில் அந்த மருந்துக்குப் பெரிய பங்கு உண்டு.

வைரஸின் கையாலேயே

1960-களின் பிற்பகுதி வரை வைரஸுக்கு எதிரான மருந்து என்ற எண்ணமே பலருக்கு நம்பிக்கை தரவில்லை. வைரஸ் நம் உயிரணுவின் இயந்திரங்களைக் கொண்டே பெருகுகிறது; அதைத் தாக்கினால் உயிரணுவும் சாகும் என்பதே பொதுக்கருத்து. எலியனின் நினைவில் ஒரு பழைய குறிப்பு இருந்தது. 1948-இல் அவர்கள் செய்த டைஅமினோபியூரின் என்ற பொருள் வாக்சினியா வைரஸைத் தடுத்தது. ஆனால் நச்சு அதிகம் என்பதால் கைவிடப்பட்டது. சுமார் இருபது ஆண்டுகள் கழித்து, அடினைன் அராபினோசைடு என்ற பொருளுக்கு வைரஸ் எதிர்ப்புச் சக்தி இருப்பதாகச் செய்தி வந்ததும், அந்தப் பழைய மூலக்கூறை அதே பாணியில் மாற்றிச் செய்தார்கள். இங்கிலாந்தில் இருந்த வெல்கம் ஆய்வகத்தில் ஜான் பவர் சோதித்துப் பார்த்தார். ஹெர்பீஸ் வைரஸ் அடங்கியது, நச்சும் குறைந்திருந்தது.

1970-இல் நிறுவனம் வட கரோலினாவின் ரிசர்ச் டிரையாங்கிள் பார்க்குக்கு இடம் மாறியது. அங்கே சேர்ந்த ஹோவர்டு ஷேஃபர், இத்தகைய மூலக்கூறின் சர்க்கரை வளையத்தைத் திறந்து, வெறும் சங்கிலித் துண்டாக வைத்தாலும் நொதிகள் ஏமாறும் என்று ஏற்கெனவே காட்டியிருந்தார். இரண்டு வழிகளும் ஒன்று சேர்ந்தன. லிலியா போஷம்ப் தயாரித்த மூலக்கூறுகளில் ஒன்று, முதலில் எடுத்த வடிவத்தைவிட நூறு மடங்குக்கு மேல் ஆற்றல் காட்டியது. அதுதான் அசைக்ளோவிர்.

அது இத்தனை ஆற்றலோடு வைரஸைத் தாக்கியும் நம் உயிரணுவை ஏன் விட்டுவைக்கிறது? எலியனின் குழு இதைத் துருவியது. அசைக்ளோவிர் தனியாக எதையும் செய்வதில்லை. அதன்மேல் மூன்று பாஸ்பேட்டுகள் ஏற வேண்டும். முதல் பாஸ்பேட்டை ஏற்றும் வேலையை நம் உயிரணுவின் நொதிகள் ஏறக்குறைய செய்வதே இல்லை. ஹெர்பீஸ் வைரஸ் தனக்கென்று தைமிடின் கைனேஸ் என்ற நொதியைக் கொண்டுவருகிறது. அந்த நொதி ஏமாந்து முதல் பாஸ்பேட்டை ஏற்றிவிடுகிறது. மற்ற இரண்டையும் உயிரணுவே ஏற்றுகிறது. ஆகவே வைரஸ் புகுந்த உயிரணுவில் செயல்படும் மருந்து, புகாத உயிரணுவில் இருப்பதைவிட நாற்பது முதல் நூறு மடங்கு அதிகமாகச் சேர்கிறது. அடுத்து வைரஸின் டி.என்.ஏ. பாலிமரேஸ் அதை எடுத்து, வளரும் இழையில் கோக்கிறது. அடுத்த பெட்டியை மாட்டுவதற்குக் கொக்கி இல்லாத ரயில் பெட்டி போல அது அங்கேயே நின்றுவிடுகிறது. இழை அத்தோடு முடிந்தது. வைரஸ் தன் நொதியாலேயே நஞ்சைத் தயாரித்து, தன் இன்னொரு நொதியாலேயே அதை விழுங்குகிறது.

இந்த விவரங்கள் 1977, 1978 ஆண்டுகளில் வெளியாயின. 1982-இல் அமெரிக்காவில் களிம்பாக அனுமதி கிடைத்தது. பின்னர் ஊசியும் மாத்திரையும் வந்தன. உதட்டுக் கொப்புளம், அக்கி, மூளைக்காய்ச்சலாக மாறும் ஹெர்பீஸ் என எல்லாவற்றுக்கும் அதுவே மருந்தானது. வைரஸ் மருந்து செய்ய முடியும் என்ற நம்பிக்கை பிறந்தது. எலியன் 1983-இல் ஓய்வுபெற்ற பின், அவர் வளர்த்த குழுவினர் எய்ட்ஸ் நோய்க்கான முதல் மருந்தாகிய ஏ.இஸட்.டி.யை உருவாக்குவதிலும் பங்கெடுத்தார்கள்.

ஒரு குறை மட்டும் இருந்தது. வாயால் விழுங்கிய அசைக்ளோவிரில் நூற்றுக்குப் பத்து முதல் இருபது பங்குதான் மனித ரத்தத்தில் சேரும். அதனால் அக்கி வந்தவர் ஒரு நாளைக்கு ஐந்து வேளை மாத்திரை போட வேண்டியிருந்தது. இதற்கு அதே நிறுவனம் கண்ட தீர்வு, வாலின் என்ற அமினோ அமிலத்தை மருந்தோடு பிணைப்பது. புரதத் துணுக்குகளை உள்ளே ஏற்றும் குடல் கடத்தி ஒன்று வாலினைக் கண்டு அதையும் ஏற்றிக்கொள்ளும். உள்ளே போனதும் வாலின் கழன்றுவிடும், அசைக்ளோவிர் மிஞ்சும். 1995-இல் அனுமதி பெற்ற வலசைக்ளோவிர் இதுதான். ரத்தத்தில் சேரும் அளவு ஏறக்குறைய 55 விழுக்காட்டுக்கு உயர்ந்தது. ஐந்து வேளை மூன்று வேளையானது.

கென்டக்கியின் பண்ணைகள்

இனி குதிரைக்கு வருவோம். அமெரிக்காவின் கென்டக்கி மாநிலம் பந்தயக் குதிரை வளர்ப்புக்குப் பெயர்போனது. 1930-களின் தொடக்கத்தில், அங்கே சினைக் குதிரைகள் எந்த நோய் அறிகுறியும் இல்லாமல் திடீரென்று குட்டியை வீசின. பாக்டீரியாவைத் தேடியவர்களுக்கு எதுவும் அகப்படவில்லை. கென்டக்கி பல்கலைக்கழகத்தின் டிமாக், எட்வர்ட்ஸ் இருவரும் வடிகட்டியையும் தாண்டிப்போகும் நுண்கிருமி ஒன்றே காரணம் என்று காட்டினார்கள். 1950-களில் அதே பல்கலைக்கழகத்தின் எல்விஸ் டோல், ஜான் பிரையன்ஸ் முதலியோர், இளங்குதிரைகளுக்கு வரும் சளிக் காய்ச்சலுக்கும் இந்தக் கருச்சிதைவுக்கும் இருந்த தொடர்பை நிறுவினார்கள். ஒரே பண்ணையில் இளங்குதிரைகளுக்கு மூக்கு ஒழுகும். சில வாரங்களில் சினைக் குதிரை கருவை இழக்கும். பின்னால், இரண்டு தனித்தனி வைரஸ்கள் இதில் சம்பந்தப்பட்டிருப்பது தெரிந்து, முதல் வகை, நான்காம் வகை என்று பிரிக்கப்பட்டன. சளிக்காய்ச்சலோடு பெரும்பாலும் நின்றுவிடுவது நான்காம் வகை. கருவையும் நரம்பு மண்டலத்தையும் தாக்குவது முதல் வகை.

1966-இல் நார்வேயில், கால் தளர்ந்த குதிரை ஒன்றிலிருந்து இந்த முதல் வகை வைரஸைப் பிரித்தெடுத்தார்கள். அந்த நோய்தான் இன்று குதிரை வளர்ப்போரை நடுங்கவைப்பது. அதன் போக்கைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்க வேண்டும். வைரஸ் மூக்கு வழியாக நுழைகிறது. ரத்த வெள்ளையணுக்களில் ஏறிக்கொண்டு உடல் முழுதும் சுற்றுகிறது. முதலில் காய்ச்சல், பெரும்பாலும் அதை யாரும் கவனிப்பதில்லை, குதிரை தீனி தின்றுகொண்டுதான் இருக்கும். ஒரு வாரம் போல் கழித்து, காய்ச்சல் தணிந்த நேரத்தில், லாயத்தில் இருப்பவர் குதிரையை வெளியே இழுக்கும்போது பின்னங்கால் குளம்பின் முன்முனை தரையில் உராய்வதைப் பார்ப்பார். வால் தொய்ந்து கிடக்கும். தூக்கிவிட்டால் எதிர்ப்பு இருக்காது. சிறுநீர் சொட்டிக்கொண்டே இருக்கும். திருப்பினால் பின்பகுதி ஒருபுறம் சாயும். சில குதிரைகள் நாய் உட்கார்வது போல உட்கார்ந்துவிடும். எழுந்திருக்க முடியாதவற்றைக் கச்சையில் கட்டித் தூக்கி நிறுத்துவார்கள். ஐந்நூறு கிலோ விலங்கு படுத்துவிட்டால் அதன் எடையே அதற்குப் பகையாகிவிடும். பல நேரங்களில் கருணைக்கொலையில் முடியும்.

இங்கே ஒரு முக்கியமான வேறுபாடு இருக்கிறது. மனித ஹெர்பீஸ் மூளைக்காய்ச்சலில் வைரஸ் நரம்பணுக்குள்ளேயே புகுந்து அவற்றை அழிக்கிறது. குதிரையில் அது தண்டுவடத்தின் சிறு ரத்தக் குழாய்களின் உட்சுவரைத் தாக்குகிறது. குழாய் வீங்கி, ரத்தம் உறைந்து, நரம்புத் திசுவுக்குப் பிராணவாயு எட்டாமல் போகிறது. கால் தள்ளாடும் நேரத்தில் வைரஸின் வேலை பெருமளவு முடிந்துவிட்டிருக்கும். மிச்சம் இருப்பது அடைப்பின் விளைவு.

2003 ஜனவரியில் ஒஹாயோவில் ஒரு பல்கலைக்கழகக் குதிரையேற்ற மையத்தில் இருந்த 135 குதிரைகளில் 46 குதிரைகளுக்கு நரம்புக் கோளாறு வந்தது; 12 மாண்டன. 2011-இல் யூட்டா மாநிலத்தின் ஆக்டனில் நடந்த போட்டிக்கு வந்து வீடு திரும்பிய குதிரைகள் வைரஸைப் பத்து மாநிலங்களுக்குக் கொண்டுபோயின. 90 குதிரைகளுக்குத் தொற்று உறுதியானது, 13 இறந்தன. 2021-இல் ஸ்பெயினின் வலென்சியாவில் நடந்த தாண்டல் போட்டியில் நோய் பரவியதும், சர்வதேசக் குதிரையேற்றக் கூட்டமைப்பு பல ஐரோப்பிய நாடுகளில் போட்டிகளையே வாரக்கணக்கில் நிறுத்திவைத்தது.

ஒன்றரை லட்சத்தில் ஓர் எழுத்து

ஒரே வைரஸ் ஓரிடத்தில் சளியோடு நிற்கிறது. இன்னோரிடத்தில் குதிரையைப் படுக்கவைக்கிறது. ஏன்? 1992-இல் இந்த வைரஸின் மரபணுத் தொகுதி முழுதும் வாசிக்கப்பட்டது. சுமார் 1,50,000 எழுத்துகள். 2006-இல் பிரிட்டனில் நியூஜென்ட் முதலியோர் பல்வேறு நோய்ப்பரவல்களின் வைரஸ்களை ஒப்பிட்டபோது, நரம்பைத் தாக்கியவற்றுள் பெரும்பாலானவற்றில் ஒரே ஓர் எழுத்து மாறியிருப்பது புலப்பட்டது. அந்த மாற்றத்தால் ஒரு புரதத்தின் 752-ஆம் இடத்தில் அஸ்பராஜின் போய் அஸ்பார்டிக் அமிலம் வந்தது. அடுத்த ஆண்டு கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஓஸ்டர்ரீடர் குழுவினர் அந்த ஓர் எழுத்தை மட்டும் மாற்றி, வைரஸின் நரம்புத் தாக்குதல் அதற்கேற்ப மாறுவதைக் காட்டினார்கள்.

அது எந்தப் புரதம் என்பதுதான் சுவாரசியம்: வைரஸின் டி.என்.ஏ. பாலிமரேஸ். அசைக்ளோவிர் எந்த நொதியை ஏமாற்றி இழையை முறிக்கிறதோ, அதே நொதி. நோயின் கொடுமையும் மருந்தின் இலக்கும் ஒரே மூலக்கூறில் வந்து சந்திக்கின்றன. ஆனால் இதை அளவுக்கு மீறி நம்பிவிடக் கூடாது. அந்த மாற்றம் இல்லாத வைரஸும் சில குதிரைகளைத் தள்ளாட வைத்திருக்கிறது. மாற்றம் உள்ள வைரஸ் தொற்றிய பல குதிரைகள் நலமாக நடமாடுகின்றன. குதிரையின் வயது, தொற்றிய வைரஸின் அளவு எல்லாம் கணக்கில் வருகின்றன. ஆய்வகத்தின் பி.சி.ஆர். அறிக்கையில் அந்த எழுத்தைப் பார்த்தவுடன் குதிரையின் தலையெழுத்தைத் தீர்மானித்துவிட முடியாது.

நூற்றுக்கு மூன்று

குதிரை வைரஸுக்கும் தைமிடின் கைனேஸ் உண்டு. ஆய்வகத் தட்டில் வளர்த்த வைரஸை அசைக்ளோவிர் தடுத்தது. எலியனின் முதல் கேள்விக்குக் குதிரையிலும் அதே விடைதான். எனவே நோய்ப்பரவலின்போது மருத்துவர்கள், வேறு வழியில்லாமல், அசைக்ளோவிர் மாத்திரைகளைப் பொடித்துக் குதிரைக்குப் புகட்டினார்கள். சில குதிரைகள் பிழைத்தன. மருந்தால் பிழைத்தனவா, தாமாகவே பிழைத்தனவா என்று சொல்ல வழியில்லை.

குதிரையின் ரத்தத்தில் அந்த மருந்து எவ்வளவு சேருகிறது என்று முறையாக அளந்து பார்த்தது 2005-ஐ ஒட்டிய ஆண்டுகளில்தான். விடை அதிர்ச்சி தந்தது. வாயால் கொடுத்ததில் நூற்றுக்குச் சுமார் மூன்று பங்குதான் ரத்தத்தை எட்டியது. மனிதருக்குப் பத்து முதல் இருபது, குதிரைக்கு மூன்று. வைரஸைத் தடுக்கத் தேவையான செறிவுக்கு அது பக்கத்தில்கூட வரவில்லை. பல பண்ணைகளில் மருந்து என்ற பெயரில் தரப்பட்டதில் பெரும்பகுதி சாணத்தோடு வெளியே போயிருக்கிறது. மருந்து தோற்றது என்று இதைச் சொல்ல முடியாது. மருந்து போருக்குப் போகவே இல்லை.

வலசைக்ளோவிரை அளந்தபோது நிலைமை மாறியது. பெல்ஜியத்தின் கென்ட் பல்கலைக்கழகத்தில் கார்ரே முதலியோர் 2007-இல் செய்த ஆய்வில் அதில் நான்கில் ஒரு பங்கு ரத்தத்தில் சேர்ந்தது. வாலின் என்ற அந்தச் சிறு இணைப்பு, மனிதருக்குச் செய்ததைவிடக் குதிரைக்குப் பெரிய உதவியைச் செய்தது.

அளவைக் கொஞ்சம் கற்பனை செய்து பாருங்கள். அக்கி வந்த மனிதர் ஒரு நாளைக்கு மூன்று கிராம் வலசைக்ளோவிர் விழுங்குகிறார். ஓக்லஹோமா மாநிலப் பல்கலைக்கழகத்தின் லாரா மேக்ஸ்வெல் குழுவினர் குதிரைக்கு வகுத்த அளவில் முதல் இரண்டு நாள், கிலோவுக்கு 27 மில்லிகிராம் வீதம் எட்டு மணிக்கு ஒருமுறை தர வேண்டும். ஐந்நூறு கிலோ குதிரைக்கு ஒரு வேளைக்கு 13.5 கிராம், நாளொன்றுக்கு 40.5 கிராம். ஐந்நூறு மில்லிகிராம் மாத்திரையில் கணக்கிட்டால் எண்பத்தொரு மாத்திரை. அதன் பிறகு கிலோவுக்கு 18 மில்லிகிராம் வீதம், நாளுக்கு இரண்டு வேளை. ஒரு லாயத்தில் இருபது குதிரை இருந்தால் ஊழியர் ஒருவர் இரவும் பகலும் மாத்திரை பொடித்துத் தண்ணீரில் கரைத்துச் சிரிஞ்சில் ஏற்றிக்கொண்டே இருக்க வேண்டும். இதற்கு ஆகும் செலவு வேறு. அமெரிக்காவில் குதிரை ஹெர்பீஸுக்கென்று அனுமதி பெற்ற வைரஸ் மருந்து இன்றும் இல்லை. மனிதருக்கான மாத்திரையைத்தான் மருத்துவர் தன் பொறுப்பில் எழுதிக் கொடுக்கிறார்.

எப்போது கொடுப்பது

ரத்தத்தில் மருந்து சேர்ந்துவிட்டால் போதுமா? கென்ட் குழுவினரே 2009-இல் மட்டக்குதிரைகளுக்குச் செயற்கையாகத் தொற்று ஏற்படுத்தி வலசைக்ளோவிர் கொடுத்துப் பார்த்தார்கள். ரத்தத்தில் மருந்து இருந்தது. ஆனால் நோயின் அறிகுறியிலோ வைரஸ் வெளியேற்றத்திலோ சொல்லத்தக்க வேறுபாடு தெரியவில்லை. மாறாக, வயது முதிர்ந்த குதிரைகளிடம் மேக்ஸ்வெல் குழுவினர் செய்து 2017-இல் வெளியிட்ட ஆய்வில், மருந்தைத் தொடக்கத்திலேயே கொடுத்தபோது நோயின் கடுமை குறைந்தது. இரண்டு ஆய்வுகளும் கவனமாகச் செய்யப்பட்டவை. வைரஸின் ரகம், குதிரையின் வயது, மருந்தின் அளவு எல்லாம் வேறு வேறு. இரண்டையும் சேர்த்துப் படிக்கும் மருத்துவர் எடுக்கக்கூடிய முடிவு ஒன்றுதான்: கால் தள்ளாடிய பிறகு கொடுக்கும் மருந்திடம் அதிகம் எதிர்பார்க்கக் கூடாது, பலன் கிடைக்குமானால் அது காய்ச்சல் கட்டத்தில்தான்.

இதனால் நோய்ப்பரவல் நேரத்தில் லாயத்தின் மிக முக்கியமான கருவி தெர்மாமீட்டர் ஆகிறது. காலையும் மாலையும் ஒவ்வொரு குதிரைக்கும் வெப்பம் பார்த்து, கதவில் தொங்கும் அட்டையில் குறிக்க வேண்டும். 38.6 டிகிரி செல்சியஸைத் தாண்டியதும் அந்தக் குதிரையைப் பிரித்து, மூக்குச் சளியும் ரத்தமும் பி.சி.ஆர். சோதனைக்கு அனுப்ப வேண்டும். புதிய காய்ச்சல் நின்று குறைந்தது இருபத்தொரு நாள் வரை யாரும் உள்ளே வரவும் கூடாது, வெளியே போகவும் கூடாது. பொது வாளியில் தண்ணீர் காட்டக் கூடாது. தள்ளாடத் தொடங்கியவற்றுக்கு வீக்கம் தணிக்கும் மருந்தும், சில மருத்துவமனைகளில் ரத்த உறைவைத் தடுக்கும் ஹெப்பாரினும் தருகிறார்கள். நோய் உடலுக்குள் எங்கே இருக்கிறது என்று புரிந்துகொண்டு தரப்படும் மருந்துகள் அவை.

தடுப்பூசியைப் பற்றியும் ஒரு வார்த்தை. சினைக் குதிரைக்கு ஐந்து, ஏழு, ஒன்பதாம் மாதங்களில் போடும் தடுப்பூசி, கருச்சிதைவுகள் வரிசையாக நிகழ்வதைக் குறைத்தது. நம் நாட்டில் ஹிசாரில் உள்ள தேசியக் குதிரையின ஆராய்ச்சி மையமும் இந்த வைரஸுக்கு ஒரு தடுப்பூசியை உருவாக்கியிருக்கிறது. நரம்பு நோயைத் தடுப்பதாக உறுதி கூறும் தடுப்பூசி மட்டும் எங்கும் இல்லை. அதோடு, இளமையில் தொற்றிய வைரஸ் முக்கிளை நரம்பு (ட்ரைஜெமினல்) முடிச்சிலும் வெள்ளையணுக்களிலும் வாழ்நாள் முழுதும் உறங்கிக் கிடக்கிறது. நெடும்பயணமோ, இடமாற்றமோ, வேறு நோயோ அதை எழுப்பிவிடும். சின்னம்மை வைரஸ் முதுமையில் அக்கியாக எழுவதும் இப்படித்தான். உறங்கும் வைரஸ் பெருகுவதில்லை. பெருகாத வைரஸை அசைக்ளோவிர் தொடாது. எலியனின் மருந்துக்கு எட்டாத இடம் அது. மனிதரிலும் சரி, குதிரையிலும் சரி, அடுத்த தலைமுறை ஆய்வாளர்களுக்குக் காத்திருக்கும் வேலையும் அதுவே.

முடிவாகச் சில சொற்கள்

எலியன் 1999 பிப்ரவரியில் காலமானார். அவர் பெயரில் 45 காப்புரிமைகள் இருந்தன. அந்த எண்ணிக்கையைவிட அவருடைய வேலைமுறைதான் நாம் எடுத்துக்கொள்ள வேண்டிய சொத்து. இருபது ஆண்டுகளுக்கு முன் கைவிட்ட பொருளின் குறிப்பை அவர் மறக்கவில்லை. ரத்தப் புற்றுநோயில் பலன் தராத அலோபியூரினாலைக் குப்பையில் போடவில்லை. மருந்து வேலை செய்கிறது என்று தெரிந்த பின்னும், அது எப்படி வேலை செய்கிறது, எங்கே போகிறது, எதுவாக மாறி வெளியே வருகிறது என்று கேட்பதை நிறுத்தவில்லை.

குதிரை மருத்துவத்தில் அந்தக் கேள்வி இருபது ஆண்டுகளுக்கு மேல் தாமதமாக வந்தது. 1982-இல் களிம்பாக வந்த மருந்தின் வாய்வழி அளவை 2005 வாக்கில்தான் குதிரையில் ஒழுங்காக அளந்தார்கள். இதற்கு யாரையும் குற்றம் சொல்லிப் பயனில்லை. காப்புரிமை முடிந்த மருந்துக்கு, சிறிய சந்தையுள்ள ஒரு விலங்கில், ஆய்வுச் செலவை ஏற்க எந்த நிறுவனமும் முன்வராது. அந்தச் செலவை ஏற்க வேண்டியவை பல்கலைக்கழகங்களும் அரசும்தான். கென்ட்டிலும் ஓக்லஹோமாவிலும் நடந்தது அதுதான்.

கால்நடை மருத்துவ மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். மனிதருக்கான மாத்திரையை ஆட்டுக்கோ மாட்டுக்கோ நாய்க்கோ எழுதும் ஒவ்வொரு முறையும், இந்த விலங்கின் ரத்தத்தில் இது எவ்வளவு சேரும் என்று யாராவது அளந்திருக்கிறார்களா என்று தேடிப் பாருங்கள். அளக்கவில்லை என்றால் உங்கள் முதுகலை ஆய்வுக்குத் தலைப்பு கிடைத்துவிட்டது. அதற்கு ரத்த மாதிரிகளும், அளக்கும் கருவியும், நாலைந்து ஆரோக்கியமான விலங்குகளும் போதும். மருத்துவ மாணவர்களுக்கும் அதையே சொல்வேன். குழந்தை, முதியவர், சிறுநீரகம் பழுதானவர் ஒவ்வொருவரின் உடலிலும் மருந்து வேறு வேறு விதமாகப் போய்ச் சேருகிறது. அறிகுறி மாறவில்லை என்றால், மருந்து சரியில்லை என்று முடிவுகட்டுவதற்கு முன், அது போய்ச் சேர்ந்ததா என்று பாருங்கள்.

இந்த அறக்கட்டளை ஆண்டுதோறும் ஒரு சொற்பொழிவை நடத்துகிறது. இரு கல்லூரிகளின் மாணவர்களும் சேர்ந்து, ஒரு மருந்தை, இரண்டு உடல்களில் அளக்கும் சிறு ஆய்வுக்கும் அது ஆண்டுதோறும் உதவித்தொகை வழங்கலாம் என்ற யோசனையை அறக்கட்டளையினர் முன் வைத்து விடைபெறுகிறேன்.